டீச்சர் வீட்டுக்கு அனுப்பிய புத்தகங்கள்

என் பணிக்காலத்தில் நான் செய்த தவறுகள் பல. அவற்றில் ஒன்றுக்கு மட்டும் எனக்குப் பாராட்டுக் கிடைத்தது. அதைச் சரிசெய்தபோது கண்டனம் கிடைத்தது. நூலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு எண்ணிடுவதையும் அட்டை எழுதுவதையும் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். இதைச் சொல்லித் தர மாட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி அது. திருவண்ணாமலையில் பெரிய தெருவை ஒட்டிய ஒரு வாடகைக் கட்டடத்தில் எங்கள் கிளை நூலகம் இருந்தது. தெருவிலிருந்து ஏழு கருங்கல் படிகள். கைப்பிடி இல்லை. உள்ளே நீளமான ஒரே கூடம். ஒரு பக்கம் அலமாரிகள், மறு பக்கம் செய்தித்தாள் மேசை. ஊழியர்கள் இருவர்: நான், அட்டெண்டர் முனுசாமி. நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. இங்கே வரும் கிழமைகளையும் மாதங்களையும் அதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

தினமும் மாலை நான்கு மணிக்கு ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வருவார். வயது அறுபத்தாறு. பெண்கள் பள்ளியில் பூகோளம் நடத்தியவர். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கணவர் காலமாகிப் பல வருடங்கள் ஆகியிருந்தன, பிள்ளைகள் இல்லை. நூலகத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, சொந்த வீட்டில் தனியாக இருந்தார். வந்ததும் செய்தித்தாள், பிறகு பயண நூல் அலமாரி. எடுத்துப்போன புத்தகத்தைப் பெரும்பாலும் மறுநாளே திருப்பிவிடுவார். "ஜப்பானுக்கு வழி கேட்டா சொல்றாங்க சார். போளூருக்கு பஸ் எப்பன்னு கேட்டா தெரியலைன்றாங்க" என்று முனுசாமி சொல்வார். டீச்சர் காதில் விழும்படிதான் சொல்வார்.

வைகாசியில் ஒரு புதன்கிழமை. கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. மூன்றாவது படியில் டீச்சருக்குக் கால் வழுக்கியது. கீழே விழவில்லை, பக்கச் சுவரில் தோள் முட்டி நின்றுவிட்டார். முழங்கையில் சிராய்ப்பு. நானே டிங்சர் போட்டேன். அவர் வழக்கம்போல் செய்தித்தாளை முடித்துவிட்டுப் போனார். என்னால்தான் அதன்பிறகு வேலை பார்க்க முடியவில்லை. என் நூலகத்துப் படியில் ஒருவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சருக்காகக் கவலைப்பட்டதாகத்தான் அன்று எழுதி வைத்திருக்கிறேன். இன்று படிக்கும்போது, அந்தக் கவலையில் பாதி எனக்காக என்று தெரிகிறது.

மறுநாளே ஓர் ஏற்பாடு செய்தேன். திங்கள், வியாழன் இரண்டு நாளும் முனுசாமி சைக்கிளில் போய் மூன்று பயண நூல்களையும் படித்து முடித்த செய்தித்தாள்களையும் டீச்சர் வீட்டில் கொடுத்து, பழையவற்றை வாங்கி வர வேண்டும். அப்போது அப்படி ஒரு வழக்கம் எங்கள் பகுதியில் எந்த நூலகத்திலும் இல்லை. டீச்சர் இதை ஒப்புக்கொள்ளவில்லை.

"எனக்கு என்ன ஆச்சுன்னு வீட்டுக்கு அனுப்பறீங்க? ஒரு சிராய்ப்பு. என் கிளாஸ்ல பொண்ணுங்களுக்கு தினம் நாலு சிராய்ப்பு."

"மழைக்காலம் வரப்போகுது டீச்சர். கல்லு வழுக்கும்."

"அப்ப கல்லைப் பாருங்க. என்னை எதுக்குப் பாக்கறீங்க?"

நான் சிரித்தேன். அவர் வேடிக்கையாகப் பேசவில்லை, சரியான யோசனையைத்தான் சொன்னார் என்பது எனக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. மூன்றாவது முறையாக நான் வற்புறுத்தியபோது, என் மனம் நோக வேண்டாம் என்று சம்மதித்தார். படியைச் சரிசெய்வதற்குப் பதிலாக ஆளை நிறுத்திவிட்டேன்.

ஆடியில் ஆய்வுக்கு வந்த மேலதிகாரி இந்த ஏற்பாட்டைக் கேள்விப்பட்டு மகிழ்ந்து போனார். முதிய வாசகரிடம் கிளை நூலகர் காட்டும் பரிவு மற்றவர்களுக்கு முன்மாதிரி என்று பார்வைக் குறிப்பேட்டில் எழுதினார். அந்த வரியை நான் என் நாட்குறிப்பிலும் எடுத்து எழுதிக்கொண்டேன்.

அதே நாட்குறிப்பில், டீச்சர் வீட்டுக்குப் போய் வந்து முனுசாமி சொன்ன செய்திகளும் இருக்கின்றன. முதல் சில வாரங்களில் டீச்சர் தெருவாசலில் நின்றே புத்தகங்களை வாங்கிக்கொண்டார். ஆனியில் கதவு திறக்க நேரமாகிறது என்று ஒரு குறிப்பு. ஆடிக் கடைசியில், "கதவைத் தாப்பாளே போடறதில்ல சார். உள்ள வா முனுசாமின்னு கட்டிலாண்ட உக்காந்துனே குரல் குடுக்கறாங்க" என்று அவர் சொன்னது. ஒவ்வொன்றையும் அந்தந்த நாளில் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். சேர்த்துப் படிக்கத்தான் தோன்றவில்லை.

ஆவணியில் ஒரு திங்கட்கிழமை முனுசாமி கொண்டுபோன புத்தகங்களோடு திரும்பி வந்தார். டீச்சர் சமையலறை நிலைப்படியில் தடுக்கி விழுந்து கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டு அம்மாளும் முனுசாமியும் சேர்ந்து தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்திருக்கிறார்கள்.

"காலைல காபி போட எழுந்தப்ப விழுந்தாங்களாம் சார். நான் போற வரைக்கும் அப்படியே கெடந்திருக்காங்க. எழுந்துக்க முடியலையாம்."

அடி பலமா என்று கேட்டேன்.

"வலிக்குதுன்னு சொல்லலை சார். வெக்கமா இருக்குதுன்னாங்க."

அரசு மருத்துவமனை மருத்துவர் ஒருவர் எங்கள் வாசகர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அவரை அழைத்துக்கொண்டு போனேன். எலும்பு எதுவும் முறியவில்லை. இடுப்பில் அடி, மணிக்கட்டில் வீக்கம், அவ்வளவுதான். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவர் விடவில்லை. ஐந்தாறு நாள் கழித்து, வீக்கம் வடிந்தபின், மறுபடி வந்து டீச்சரை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார். கையை ஊன்றாமல் எழுந்திருக்கச் சொன்னார். டீச்சர் மூன்று முறை முயன்றார். மூன்று முறையும் பாதி எழுந்து பொத்தென்று உட்கார்ந்தார். மருத்துவர் அவருடைய கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவங்க எத்தனை நாளா வெளிய நடக்கலை?"

"மூணு மாசமா."

"யார் நிறுத்தினது?"

"நான்தான்."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எலும்புல ஒண்ணும் இல்ல. சதை தேஞ்சு போச்சு. இந்த வயசுல சும்மா உக்காந்தா சீக்கிரமே தேயும். தினம் ரெண்டு தெரு நடந்து ஏழு படி ஏறினாங்க பாருங்க, அதான் இவங்களுக்கு மருந்து. அதை நீங்க சைக்கிள்ல எடுத்துனு போயிட்டீங்க" என்றார்.

இதற்குள் வேலூரிலிருந்து டீச்சரின் அண்ணன் மகன் வந்துவிட்டார். நல்ல மனிதர், அத்தையிடம் உண்மையான பாசம் உள்ளவர். தன்னோடு அழைத்துப் போய்விடுவது என்று முடிவோடு வந்திருந்தார். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடலாம் என்றார். டீச்சர் தன் வீட்டில் இருப்பாரா, இன்னொருவர் வீட்டில் ஒரு கட்டிலில் இருப்பாரா என்பது அன்று மாலைக்குள் முடிவாக வேண்டியிருந்தது.

"அங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல அத்தை. உக்காந்த இடத்துல சாப்பாடு வந்துடும்."

அதைக் கேட்டபோது என் குரலையே கேட்பதுபோல் இருந்தது. டீச்சர் மெதுவாகத்தான் பதில் சொன்னார்: "உக்காந்த இடத்துல சாப்பாடு வந்தா, நான் உக்காந்த இடத்துலயே போயிடுவேன்டா."

அண்ணன் மகன் என்னைக் கேட்டார். "நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சார். இவங்களைத் தனியா விட்டுட்டுப் போகலாமா?"

இளம் நண்பர்களே, இம்மாதிரி கேள்விக்கு நூலக விதிகளில் பதில் இல்லை. போகலாம் என்று சொல்லி டீச்சர் மறுபடி விழுந்து ஒரு நாள் முழுக்கக் கிடந்தால் அந்தப் பழி என்னுடையது. அழைத்துப் போங்கள் என்று சொன்னால் பழி வராது. ஆனால் நான் தொடங்கி வைத்ததை அண்ணன் மகன் முடித்து வைப்பார். மருத்துவரைப் பார்த்தேன். பயிற்சி செய்தால் கால் திரும்ப வரும், விழவே மாட்டார் என்று மட்டும் தன்னால் சொல்ல முடியாது என்றார். பக்கத்து வீட்டு அம்மாளிடம் கேட்டேன். காலையும் மாலையும் எட்டிப் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். அதன்பிறகுதான் வாய் திறந்தேன்.

"கார்த்திகை தீபம் வரைக்கும் விட்டுட்டுப் போங்க. வந்து பாருங்க. தானா நடக்கலைன்னா கூட்டிட்டுப் போயிடுங்க."

"நடுவுல விழுந்தா உங்களைத்தான் கேப்பேன்."

"கேளுங்க" என்றேன்.

மருத்துவர் சொன்ன பயிற்சிகள் எளியவை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார வேண்டும். முடியாத நாட்களில் தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளலாம். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். சுவரோரமாக, ஒரு பாதத்தின் விரல்நுனியில் அடுத்த பாதத்தின் குதிகாலை ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்க வேண்டும். மூன்றாவதைக் கேட்டதும் டீச்சர், "இது அடிப்பிரதட்சணம்தானே டாக்டர்? வேண்டுதல் இல்லாமலே செய்யச் சொல்றீங்க" என்றார். வேண்டிக்கொண்டு செய்தாலும் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார் மருத்துவர்.

ஒற்றைக் காலில் நிற்கும்போது டீச்சர் ஒன்று, இரண்டு என்று எண்ணவில்லை. மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களை வடக்கிலிருந்து தெற்காகச் சொல்லிக்கொண்டே நிற்பார். முதல் வாரம் பம்பாயைத் தாண்ட முடியவில்லை. புரட்டாசி நடுவில் மங்களூர் வந்தார். எந்தக் காலில் எந்தத் துறைமுகம் வரை என்று முனுசாமி எனக்குத் தினமும் சொல்வார். அதுவும் நாட்குறிப்பில் இருக்கிறது.

என் பங்கைச் சொல்கிறேன். வீட்டுக்குப் புத்தகம் அனுப்புவதை நிறுத்தினேன். வைகாசியிலேயே செய்திருக்க வேண்டியதை அப்போது செய்தேன்: தச்சரைக் கூப்பிட்டுப் படியோரம் மரக் கைப்பிடி போட்டேன்; மழை பெய்தால் தண்ணீரைத் துடைத்துச் சாக்கு விரிக்கும் வேலையை முனுசாமியிடம் ஒப்படைத்தேன். முதல் மூன்று வாரம் டீச்சர் நூலகத்துக்கு வரும்போது முனுசாமி கூடவே நடந்தார். பிடித்துக்கொள்ளக் கூடாது, விழப்போனால் மட்டும் பிடிக்கலாம் என்பது நிபந்தனை. "பொண்ணுக்குத் தோழி மாதிரி நடக்கறேன் சார். தெருவுல சிரிக்கறாங்க" என்று முனுசாமி ஒரு நாள் குறைபட்டுக்கொண்டார். ஆனால் நிறுத்தவில்லை. கைவைத்த நாற்காலியைச் செய்தித்தாள் மேசையிலிருந்து எடுத்துவிட்டு, கை இல்லாததைப் போட்டேன்.

பிறகு அலமாரியில் கை வைத்தேன். பயண நூல்கள் இடுப்பளவு உயரத்தில், நடுத்தட்டில், எண் வரிசைப்படி இருந்தன. அவற்றை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அடித்தட்டிலும் மறு பாதியை மேல்தட்டிலும் வைத்தேன். ஒரு புத்தகம் அரை அங்குலம் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாலும் எழுந்து போய் உள்ளே தள்ளுகிறவன் நான். ஆனால் குனிந்தும் எட்டியும் எடுத்தால்தான் டீச்சருக்கு இடுப்பும் தோளும் வேலை செய்யும். மூன்றாம் நாளே அவர் கேட்டுவிட்டார்.

"ஆப்பிரிக்கா தரைக்கு இறங்கிடுச்சு. ஐரோப்பா கூரைக்குப் போயிடுச்சு. பூகம்பமா?"

"கரையான் பயம் டீச்சர்."

"கரையானுக்கு பயந்தா புத்தகத்தைக் கீழயா வெப்பாங்க?"

நான் பதிவேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை மேலதிகாரி ஆய்வுக்கு வந்தார். என்னைப் பாராட்டி எழுதிய அதே அதிகாரி. அலமாரிகளைப் பார்த்துக்கொண்டே வந்தவர் பயண நூல்களிடம் நின்றார். நடுத்தட்டில் பாதி காலியாக இருக்க, ஒரே வகுப்பு நூல்கள் ஏன் மேலும் கீழுமாகக் கிடக்கின்றன என்று கேட்டார். நான் பதில் யோசிப்பதற்குள் மணி நான்கு அடித்தது. டீச்சர் உள்ளே வந்தார். அன்று நேரே அலமாரிக்கு வந்து, எங்களுக்கு இரண்டடி தள்ளி, அடித்தட்டின் முன் குந்தி உட்கார்ந்தார். தடித்த புத்தகம் ஒன்றை உருவிக்கொண்டு எழத் தொடங்கினார்.

"ஏம்ப்பா, அந்தம்மாவுக்கு எடுத்துக் குடுக்கக் கூடாதா?" என்று அதிகாரி முனுசாமியிடம் சொன்னார்.

முனுசாமி என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். அதிகாரியின் முகம் மாறியது.

டீச்சர் பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டார். இடது கையில் புத்தகம். வலது முழங்கால் நடுங்குவது புடவைக்கு மேலேயே தெரிந்தது. அதிகாரி ஓரடி முன்னால் வைத்தார். "விட்டுடுங்க சார்" என்றேன். அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை. என் கைகள் தாமாக நீளாதபடி முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டேன். முனுசாமி சத்தமில்லாமல் டீச்சருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நாட்குறிப்பில் 'கொஞ்ச நேரம்' என்று இருக்கிறது. நான் அப்படி எழுதிய இடம் அது ஒன்றுதான்.

டீச்சர் புத்தகத்தை நடுத்தட்டின் காலி இடத்தில் வைத்தார். ஒரு மூச்சு விட்டார். பிறகு, எதையும் பிடிக்காமல், முழுதாக நிமிர்ந்தார். திரும்பிப் பார்த்தபோது நாங்கள் மூவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"என்ன பாக்கறீங்க? எகிப்து கொஞ்சம் கனம்" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார்.

நூல் வரிசை ஒழுங்கற்றிருக்கிறது, முதிய வாசகரிடம் அலட்சியம் காட்டப்படுகிறது, உடனே சரிசெய்யவும் என்று அதிகாரி எழுதினார். காரணத்தை அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் டீச்சர் காதில் விழும். அவரை ஒரு நோயாளியாக்கி அந்நியர் ஒருவர் முன் நிறுத்தியதாகிவிடும். அதனால் பேசவில்லை. அதிகாரியையும் நான் குறை சொல்லவில்லை. அவர் இடத்தில் இருந்திருந்தால், வைகாசியில் இருந்த நானும் அதையேதான் எழுதியிருப்பேன். சரிசெய்கிறேன் என்று பதில் அனுப்பினேன். எப்போது என்று எழுதவில்லை.

இதைப் படித்துவிட்டு, தடுமாறும் எவரையும் கைகொடுக்காமல் விட்டுவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மருத்துவர் பார்த்துச் சொல்லியிருந்தார். இரண்டு மாதப் பயிற்சி இருந்தது. பின்னால் ஆள் நின்றார். இவை மூன்றும் இல்லாதிருந்தால் அன்று நானே ஓடிப் பிடித்திருப்பேன்.

தீபம் முடிந்து, கூட்டம் வடிந்த இரண்டாம் நாள், அண்ணன் மகன் வேலூரிலிருந்து வந்தார். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை. பயந்துபோய் நூலகத்துக்கு வேகமாக வந்தார். டீச்சர் இங்கும் இல்லை. மணி நாலரை. இரண்டு மாதத்தில் அவர் நாலரைக்குள் வராமல் இருந்ததில்லை. அண்ணன் மகன் என்னைப் பார்த்தார். கேளுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். அவர் கேட்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. முனுசாமியைத் தேடச் சொல்லி வாசலுக்கு வந்தேன். அண்ணன் மகனும் கூட வந்தார்.

தேரடிப் பக்கமிருந்து டீச்சர் வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் காய்கறிப் பை. அவசரமில்லாமல் படியேறினார். கைப்பிடியைத் தொடவில்லை. மேல்படியில் நின்ற அண்ணன் மகன் குனிந்து கையை நீட்டினார். நீட்டிய கையில் டீச்சர் பையை வைத்தார்.

"கத்திரிக்காய் கம்மி விலைக்குக் கெடைச்சுது, ஜாஸ்தியா வாங்கிட்டேன். ராத்திரிக்கு நீ இருந்து சாப்பிட்டுப் போ."

அவர் இருந்து சாப்பிட்டார். மறுநாள் காலை பஸ்ஸில் தனியாக வேலூருக்குப் போனார். பஸ் நிலையம் வரை டீச்சர் நடந்து போய் வழியனுப்பியதாக முனுசாமி சொன்னார். நான் பயண நூல்களை நடுத்தட்டுக்குக் கொண்டுவந்து வரிசைப்படி அடுக்கினேன். ஒரு வாரம் கழித்து, மேல்தட்டுக்கே மாற்றச் சொல்லி டீச்சர் கேட்டார். மாற்றவில்லை. எட்டி எடுக்க வேண்டுமானால் அகராதிகள் மேலே இருக்கின்றன என்றேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தார். புடவையில் முழங்கால் அருகே மண். உள்ளங்கை சிவந்திருந்தது.

"வர்ற வழியில விழுந்துட்டேன்" என்றார்.

எங்கே, எப்படி என்று கேட்டேன். தெருவில் மாட்டுக் கயிறு காலில் சிக்கியிருக்கிறது. பக்கவாட்டில் புரண்டு, முழங்காலூன்றி, நின்றிருந்த வண்டியின் சக்கரத்தைப் பிடித்து எழுந்திருக்கிறார்.

"ரெண்டு பேர் தூக்கறதுக்கு ஓடி வந்தாங்க. அவங்க வர்றதுக்குள்ள எழுந்துட்டேன். பாவம், சும்மா திரும்பிப் போனாங்க." புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பேப்பர் வந்துடுச்சா?"

நாளையிலிருந்து முனுசாமியை அனுப்புகிறேன் என்ற சொல் என் நாக்குநுனியில் இருந்தது.

"வந்துடுச்சு டீச்சர். மேசைமேல இருக்கு" என்றேன்.

அவர் போய் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் பிரித்தார். நான் பதிவேட்டில் அன்றைய வருகையை எழுதத் தொடங்கினேன். எழுத்து கோணலாக விழுந்தது. அந்த வரியை நான் திருத்தி எழுதவில்லை.